கேப்டன் கிர்க் டாக்டர் மெக்காயை ஏன் 'போன்ஸ்' என்று கூப்பிடுகிறார்?

விண்மீன்வாசி:

நண்பர்களே, ஸ்டார் டிரெக் என்ற விண்வெளிக் கதையின் மூலத் தொலைக்காட்சித் தொடரை (1966–69) இப்போதுதான் வரிசையாகப் பார்த்து வருகிறேன். 2009இல் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய படத்தை முன்பே பார்த்துவிட்டதால் ஒரு குழப்பம். அந்தப் படத்தில் டாக்டர் மெக்காயும், பின்னால் விண்கலக் கேப்டனாகும் கிர்க்கும் சந்திக்கும் முதல் காட்சியிலேயே பெயருக்கு விதை விழுந்துவிடுகிறது. விவாகரத்தில் மனைவி உலகத்தையே எடுத்துக்கொண்டாள், எனக்கு மிஞ்சியது என் எலும்புகள் மட்டுமே என்று மெக்காய் புலம்புகிறார். அதன்பின் கிர்க்குக்கு அவர் 'போன்ஸ்', அதாவது எலும்புகள்.

தொடரிலோ பெயர் வந்த கதையைச் சொல்லும் காட்சியே இல்லை. கிர்க் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறார். பக்கத்தில் நிற்பவர்கள் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. 1966இல் இதை எழுதியவர்கள் மனத்தில் என்ன இருந்தது? நடிகர் ஒல்லியாக இருந்தார் என்பதாலா?

கறுப்புவெள்ளை:

ஒல்லி என்பதற்காக இல்லை. மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லி ஒல்லிதான். ஆனால் பக்கத்தில் நின்ற லியனார்ட் நிமோய் (கலத்தின் இன்னொரு அதிகாரியான ஸ்பாக்காக நடித்தவர்) மட்டும் என்ன குண்டா? அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஸ்பாக்குக்கும் அந்தப் பெயர் பொருந்தியிருக்கும்.

இது 'சாபோன்ஸ்' என்ற பழைய கிண்டல் சொல்லின் சுருக்கம். ரம்பத்தால் எலும்பை அறுப்பவன் என்று பொருள். அறுவை வைத்தியர்களுக்குப் படைவீரர்களும் கப்பல்காரர்களும் வைத்த பட்டப்பெயர். கௌபாய்க் கதைகளில் ஊர் டாக்டரை இப்படிக் கூப்பிடுவது வழக்கம். அந்தக் கதைகளைப் பார்த்து வளர்ந்த அமெரிக்க நேயருக்கு 1966இல் விளக்கம் தேவைப்படவில்லை. அதனால்தான் கதைக்குள்ளும் யாரும் கேட்கவில்லை. கெல்லியே அதற்கு முன்பு ஏராளமான கௌபாய்ப் படங்களில் நடித்தவர். 1957இல் வந்த 'கன்ஃபைட் அட் தி ஓ.கே. கொரால்' படத்தில் மார்கன் எர்ப்பாக வருவது அவர்தான்.

முதலில் ஒளிபரப்பான 'தி மேன் ட்ராப்' பகுதியை (1966 செப்டம்பர் 8) இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் கிர்க் சொல்லும் பதிவேட்டுக் குறிப்பில் மெக்காயை 'கப்பலின் அறுவை வைத்தியர்' என்றுதான் குறிப்பிடுகிறார். பெயரின் வேர் அந்தப் பதவியில் இருக்கிறது.

அறுவைமேசை:

மருத்துவத் தொழிலில் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல் வெறும் கேலிக்குப் பிறந்ததல்ல. அதில் நிஜமான பயம் கலந்திருக்கிறது. ஈதர் மயக்க மருந்தைப் பாஸ்டனில் எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டியது 1846 அக்டோபரில். அதற்கு முன்பு கையோ காலோ துண்டிக்க வேண்டுமென்றால் நோயாளி முழு நினைவோடு மேசையில் கிடப்பார், நாலு பேர் அழுத்திப் பிடிப்பார்கள். வைத்தியரின் திறமை என்றால் வேகம்தான். லண்டனில் ராபர்ட் லிஸ்டன் அந்த ஆண்டு டிசம்பரில் ஈதர் கொடுத்து ஒருவரின் காலை எடுத்தபோது அறுக்கும் வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நோயாளி கண்விழித்து, எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாராம்.

மயக்க மருந்து வந்த பிறகும் ரம்பம் ஓயவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் மினியே என்ற கூம்பு வடிவ ஈயக் குண்டுகள் பரவலாகப் பயன்பட்டன. மெல்லிய ஈயம் என்பதால் எலும்பில் பட்டதும் குண்டு தட்டையாகும். எலும்பு பல துண்டுகளாகச் சிதறும். அதை ஒட்டவைக்க வழி கிடையாது. காயம் அழுகினால் உயிரே போய்விடும். ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையை எழுதி வெளியிட்டதே 1867இல்தான், போர் முடிந்த பிறகு. ஆகவே கள மருத்துவமனையில் வைத்தியர் செய்யக்கூடிய நல்ல காரியம், அழுகல் பரவுவதற்குள் அறுத்து எடுப்பது. வெளியே குவிந்து கிடக்கும் கைகால்களைப் பார்த்த சிப்பாய், உள்ளே இருப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பான்?

சொல் போருக்கு முந்தியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836–37இல் தொடராக வந்தது. கீழே இரண்டு சாபோன்ஸ் வந்திருக்கிறார்கள் என்று வேலைக்காரர் சாம் வெல்லர் சொல்ல, பிக்விக் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, அது உயிருள்ள பிராணியா, தின்னும் பண்டமா என்று தெரியாமல் விழிப்பார். எல்லோருக்கும் தெரியுமே என்று சாமுக்கு ஒரே வியப்பு. பெரிய மனிதருக்குத் தெரியாத சொல் வேலைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. யார் வாயில் புழங்கிய சொல் என்பதை டிக்கன்ஸ் இரண்டு வரியில் காட்டிவிட்டார்.

குறுக்குக்கேள்வி:

வரலாறெல்லாம் அருமை. ஆனால் மெக்காய் 23ஆம் நூற்றாண்டு ஆள். அவர் கையில் ரம்பம் எங்கே? ஊசியே குத்தாத ஊசியை வைத்துக்கொண்டு மருந்தைத் தோல் வழியே செலுத்துகிறார். விண்கலத்தில் பிறந்து வளரும் தலைமுறைக்கு எலும்பறுக்கும் வைத்தியன் என்ற கேலி எப்படி நினைவிருக்கும்? எழுத்தாளர்களின் சோம்பல் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள்.

கறுப்புவெள்ளை:

அடிக்க வரமாட்டேன், பாதிதான் ஒப்புக்கொள்வேன். அந்தப் பொருத்தமின்மைதான் பெயரின் சுவை. 1967 ஏப்ரலில் வந்த 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' பகுதியில் மருந்து தலைக்கேறிய மெக்காய் 1930இல் போய் விழுகிறார். பழங்கால மருத்துவமனைகளில் மனிதர்களை வெட்டித் துணி தைப்பதுபோல் தைத்தார்களே, ஊசியும் நூலும் வைத்து, என்ன வேதனை என்று கண்ணீர் விடுகிறார். 1986இல் வந்த நான்காவது ஸ்டார் டிரெக் படத்தில் நம் காலத்து மருத்துவமனைக்குள் நுழைந்து, டயாலிசிஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் இது என்ன இருண்ட காலமா என்று சீறுகிறார். மண்டையில் துளைபோடக் காத்திருக்கும் டாக்டரிடம் சண்டைக்கே போகிறார். ரம்பத்தைக் கண்டாலே அருவருப்பவர் அவர். அவருக்குத்தான் நண்பன் அந்தப் பெயரை வைத்திருக்கிறான். நெருங்கிய நண்பனால் மட்டுமே முடிகிற குசும்பு இது.

ஒரு உபரித் தகவல். அவர் கையில் மினுமினுக்கும் அறுவைக் கருவிகளில் சில, உண்மையில் உப்புக் குடுவைகள். 'தி மேன் ட்ராப்' கதையில் உப்புத் தின்னும் பிராணி வருவதால் விசித்திர வடிவக் குடுவைகள் சிலவற்றை வாங்கி வந்தார்கள். நேயர்களுக்கு அவை உப்புக் குடுவை என்றே தெரியாது என்று பட்டதும் சாதாரணக் குடுவையைக் காட்சியில் வைத்துவிட்டு, வாங்கியவற்றை மருத்துவக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

எழுதுகோல்:

எல்லோரும் மெக்காயையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்தப் பெயர் மெக்காய் பிறப்பதற்கு முன்பே இருந்தது.

தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி 1964 மார்ச்சில் அதற்கான திட்டக் குறிப்பை எழுதினார். அதில் கிர்க் கிடையாது. கேப்டன் பெயர் ராபர்ட் ஏப்ரல். கலமும் என்டர்பிரைஸ் இல்லை, யார்க்டவுன். டாக்டர் ஃபிலிப் பாய்ஸ் என்ற 51 வயதுக்காரர். வாழ்க்கையைப் பார்த்தவர், கிண்டல்காரர், கேப்டன் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரே ஆள். அவரைத்தான் 'போன்ஸ்' பாய்ஸ் என்று ராடன்பெரி எழுதியிருக்கிறார். கலத்தில் யதார்த்தம் தெரிந்தவன் தான் ஒருவனே என்று நினைப்பவராம். புதிய கிரகத்தில் இறங்கும்போதெல்லாம் தனக்கு என்ன தொந்தரவு வரப்போகிறது என்றுதான் கணக்குப் போடுவாராம். படித்ததும் யார் முகம் நினைவுக்கு வருகிறது?

பிறகு நடந்தது தெரிந்த கதை. முதல் முன்னோட்டப் பகுதியான 'தி கேஜ்' படத்தில் ஜான் ஹாய்ட் பாய்ஸாக நடித்தார். அதில் ஏப்ரலின் இடத்தில் வந்த கேப்டன் பைக்கின் அறைக்கு மது கலந்து எடுத்துவந்து, டாக்டரிடம் சொல்லாததை மனிதன் மது ஊற்றிக் கொடுப்பவனிடம் சொல்வான் என்று பேச்சுக் கொடுப்பாரே, அவர்தான். தொலைக்காட்சி நிறுவனமான என்.பி.சி. அந்த முன்னோட்டத்தை ஏற்கவில்லை. இரண்டாவது முன்னோட்டத்தில் பால் ஃபிக்ஸ் நடித்த டாக்டர் பைப்பர் வந்தார், நிலைக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் கெல்லி. ஆக, ஆள் மாறினார், நடிகர் மாறினார், கேப்டன்கூட மாறினார். பட்டப்பெயர் மட்டும் காலியாக இருந்த நாற்காலியில் காத்திருந்தது.

ஆகவே விண்மீன்வாசி கேட்ட கேள்விக்கு விடை: மெக்காயின் உடம்பையோ குடும்பத்தையோ பார்த்து வைத்த பெயர் இல்லை. கப்பல் டாக்டர் என்ற வேடத்துக்கே தைத்துவைத்த பெயர். அதே குறிப்பில் கேப்டனை விண்வெளிக் காலத்து ஹொராஷியோ ஹார்ன்ப்ளோயர் என்று ராடன்பெரி வர்ணிக்கிறார். சி. எஸ். ஃபாரஸ்டரின் அந்த நாயகன் நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன். போதாக்குறைக்கு, அப்போது ஓடிக்கொண்டிருந்த 'வேகன் ட்ரெயின்' என்ற கௌபாய்த் தொடரையும் உதாரணம் காட்டுகிறார். பாய்மரக் கப்பல், கௌபாய் வண்டி, இரண்டிலும் டாக்டர் என்றால் ரம்பக்காரர்தான். மற்ற நண்பர்கள் சொன்னது இங்கே வந்து பொருந்துகிறது.

குறுக்குக்கேள்வி:

இது எனக்குப் புதிது. அப்படியானால் இன்னொரு சந்தேகமும் வருகிறது. பாய்ஸ், போன்ஸ்: உச்சரித்துப் பாருங்கள், ஓசை ஒட்டுகிறது. பெயரோடு ஓசை சேர்த்து ராடன்பெரி விளையாட்டாக எழுதியிருக்கக் கூடாதா?

எழுதுகோல்:

எழுதியிருக்கலாம். ஓசைக்காகவே இரண்டையும் சேர்த்து வைத்திருக்கலாம். ஆனால் ஓசை மட்டுமே காரணம் என்றால் மெக்காய் வந்ததும் பெயர் உதிர்ந்திருக்க வேண்டும். உதிரவில்லை. வேடத்தோடு ஒட்டியிருந்ததால் அடுத்தவருக்கும் போனது.

மூன்றாம்பருவம்:

நீங்கள் எல்லோரும் பெயர் எங்கிருந்து வந்தது என்றே பேசுகிறீர்கள். யார் கூப்பிடுகிறார் என்று பார்த்தீர்களா? கிர்க்தான். ஸ்பாக்குக்கு அவர் எப்போதும் 'டாக்டர்'. என்ஜினியர் ஸ்காட்டியின் பட்டப்பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். இது அப்படிப் பொதுச்சொத்து ஆகவில்லை.

இதற்கு உரைகல் 'தி தோலியன் வெப்' (1968 நவம்பர் 15). கிர்க் வேறொரு வெளியில் மறைந்துபோகிறார், இறந்துவிட்டதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். கலம் முழுவதும் பைத்தியம் பிடிக்கிறது. ஸ்பாக்கும் மெக்காயும் ஒருவரை ஒருவர் குதறிக்கொள்கிறார்கள். பிறகு கிர்க்கின் அறையில் இருவரும் நின்று, அவர் விட்டுச்சென்ற கடைசி உத்தரவின் ஒலிப்பதிவைக் கேட்கிறார்கள். அதில் முதலில் ஸ்பாக்குக்கு அறிவுரை. அடுத்து 'போன்ஸ்' என்று விளித்து, முடிந்தால் அவருக்கு உதவு, ஆனால் இப்போது கேப்டன் அவர்தான் என்பதை மறக்காதே என்கிறார். அந்த இடத்தில் கெல்லியின் முகத்தைப் பாருங்கள், வசனமே வேண்டாம்.

இன்னும் பின்னால் ஒரு காட்சி. மெக்காய் தன் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்கத் தடுமாறுகிறார். ஸ்பாக் சொல்கிறார்: கேப்டன் இருந்திருந்தால் 'விடு, போன்ஸ்' என்று மட்டும் சொல்லியிருப்பார். அந்தப் பெயரைத் தன் சொல்லாகச் சொல்ல ஸ்பாக்குக்கு உரிமை இல்லை. கிர்க்கின் வாயில் வைத்துச் சொல்கிறார். மன்னிப்பும் கிடைத்துவிடுகிறது, எல்லையும் மீறப்படவில்லை. மூன்றாம் பருவம் மட்டம் என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

1979இல் வந்த முதல் படத்திலும் இதே உத்தி. ஓய்வில் இருந்த மெக்காயை யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு சட்டப்பிரிவைச் சொல்லிப் பிடித்துவருகிறார்கள். தாடியோடு வந்து இறங்கிக் கத்துகிறார். கிர்க் பதவியைக் காட்டி அதட்டவில்லை. போன்ஸ், நீ எனக்கு வேண்டும், ரொம்ப வேண்டும் என்று கையை நீட்டுகிறார். அவ்வளவுதான், ஆள் அடங்கிவிட்டார்.

அறுவைமேசை:

மூன்றாம்பருவம் சொன்னதற்கு மறுபக்கம் 'தி மேன் ட்ராப்'பிலேயே இருக்கிறது. அதில் மெக்காய்க்கு இன்னொரு செல்லப்பெயர் உண்டு: 'ப்ளம்'. பழைய காதலி நான்சி அப்படிக் கூப்பிடுகிறாள். கூப்பிடுவது நான்சி அல்ல, அவளைக் கொன்று அவள் உருவில் திரியும் பிராணி என்பது பின்னால்தான் தெரிகிறது. உருவத்தைத் திருடியதோடு நிற்காமல் செல்லப்பெயரையும் திருடியிருக்கிறது. மெக்காய் ஏமாந்ததில் அந்தப் பெயருக்கும் பங்குண்டு. ஒரே பகுதியில் இரண்டு பட்டப்பெயர்கள். ஒன்று தூண்டில், மற்றது தோழமை. எழுதியவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் படத்தில் இருக்கிறது.

விண்மீன்வாசி:

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. அப்படியானால் 2009 படத்தின் விவாகரத்து விளக்கம் வெறும் இட்டுக்கட்டா? உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். பறக்கவே பயப்படும் டாக்டர், அடிபட்டு முகமெல்லாம் ரத்தக்கறையோடு உட்கார்ந்திருக்கும் கிர்க்கின் பக்கத்தில் வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, உன்மேல் வாந்தி எடுத்தாலும் எடுப்பேன் என்று அறிமுகம் செய்துகொள்கிறாரே!

கறுப்புவெள்ளை:

காட்சி நன்று, விளக்கம் மோசம். விண்வெளி என்றால் இருட்டும் மௌனமும் சுற்றிய நோயும் ஆபத்தும் என்று அந்தப் படத்தின் மெக்காயான கார்ல் அர்பன் பொரிந்து தள்ளும்போது கெல்லியே எழுந்து வந்ததுபோல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தொழிலின் முந்நூறு நானூறு ஆண்டு நினைவைச் சுமந்த பெயரை, ஒரு தனி மனிதனின் சொத்துப் பிரிவினைப் புலம்பலாகச் சுருக்கிவிட்டார்கள். இப்போதெல்லாம் எந்தத் தொப்பி எங்கே வாங்கியது, எந்தத் தழும்பு எப்படி வந்தது என்று எல்லாவற்றுக்கும் பிறந்த கதை சொல்லியாக வேண்டும் என்று ஒரு வியாதி. விளக்காமல் விட்டதால்தான் அந்த நட்பு நாம் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது என்ற உணர்வு வந்தது.

எழுதுகோல்:

இட்டுக்கட்டு என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. விவாகரத்து பழைய சரக்கு. தொடரின் கதையாசிரியர்களுக்கு 1967இல் கொடுத்த வழிகாட்டியிலேயே மெக்காய் மணமுறிவு பெற்றவர் என்றும் ஜோவானா என்று ஒரு மகள் உண்டு என்றும் இருக்கிறது. மகளை மையமாக வைத்து கதையாசிரியர் டி. சி. ஃபான்டானா ஒரு கதையும் எழுதினார். அது மாற்றி எழுதப்பட்டு, ஜோவானா காணாமல் போய், 1969இல் 'தி வே டு ஈடன்' என்று வந்தது. திரையில் வராமல் போன ஒரு துயரத்தை 2009 படம் தூசிதட்டி எடுத்தது. அதைப் பட்டப்பெயரோடு முடிச்சுப்போட்டதுதான் புதுச்சரக்கு.

குறுக்குக்கேள்வி:

அதோடு அந்தப் படம் நடப்பது வேறு காலவரிசையில். 2233இல் கிர்க் பிறந்த அன்றே வரலாறு கிளை பிரிந்துவிடுகிறது. ஆகவே அந்தக் கிளையில் விவாகரத்து, இந்தக் கிளையில் ரம்பம் என்று வைத்துக்கொண்டால் சண்டையே இல்லையே?

கறுப்புவெள்ளை:

இரண்டு வேறு காரணங்கள், ஒரே பெயரில் வந்து நிற்கின்றன. தற்செயல் என்றால் மிகவும் சொகுசான தற்செயல். இன்னொரு வாசிப்பு இருக்கிறது: அந்தக் கிர்க்குக்கும் பழைய சொல் தெரியும், டாக்டர் ஒருவர் 'எலும்பு' என்று வாயைத் திறந்ததும் சட்டென்று பிடித்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் படத்தை மன்னித்துவிடுவேன்.

அறுவைமேசை:

பெயருக்குக் கதைக்குள்ளேயே காரணம் சொன்னாலும் கெட்டுப்போகாது என்பதற்கு 'மேஷ்' தொடரின் (1972–83) ஹாக்ஐ பியர்ஸ் சாட்சி. அவரும் போர்க்கள அறுவை வைத்தியர்தான். 'தி லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ்' நாவல் நாயகனின் பெயரை அப்பா அவருக்கு வைத்தார். ஒரு வரி விளக்கம். அப்பாவுக்கும் மகனுக்கும் உள்ள பாசம் முழுவதும் அதில் வந்துவிடுகிறது. ஆனால் பாருங்கள், ஹாக்ஐயை முகாமே அப்படிக் கூப்பிடுகிறது.

மூன்றாம்பருவம்:

ஒருவர் மட்டுமே கூப்பிடும் வகைக்கு இன்னொரு உதாரணம் கேட்டால், 2005இல் தொடங்கிய 'போன்ஸ்' தொடர். எலும்புகளை ஆராயும் தடயவியல் மானுடவியலாளர் டெம்பரன்ஸ் பிரென்னனை அதிகாரி பூத் அப்படிக் கூப்பிடுகிறார். அவருக்கு முதலில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அப்படிக் கூப்பிடாதே என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். தொழிலைத் தொட்டு வைத்த பெயர், வைத்தவர் ஒருவர், போகப்போகச் சொந்தமாகிவிட்டது. மெக்காய் ஒருமுறைகூட முகம் சுளிப்பதில்லை, அதுதான் வித்தியாசம். சுளித்த காலம் ஏதாவது இருந்தால் அது தொடர் தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோயிருக்க வேண்டும்.

விண்மீன்வாசி:

மூன்றாம் பருவத்துக்கு இன்னும் வரவில்லை. நேராகத் 'தோலியன் வெப்'புக்குத் தாவிவிடலாமா, அல்லது வரிசையாகவே போகட்டுமா?

மூன்றாம்பருவம்:

வரிசையாகவே போங்கள். இருவரும் இரண்டு பருவம் அடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகு கேட்டால்தான் 'விடு, போன்ஸ்' உறைக்கும். அதை முடித்துவிட்டு 1979 படத்தைப் பாருங்கள்.

கறுப்புவெள்ளை:

பாருங்கள், ஆனால் மெக்காய் அந்தப் படத்தில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, கழுத்தில் பதக்கம் தொங்க, தாடியோடு வந்து இறங்குவார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எச்சரிக்காமல் அனுப்பினார்கள் என்று நாளைக்கு இங்கே வந்து சண்டை போடக் கூடாது.